கற்பனைப் பேரரசுக்கு ஓர் இலச்சினை: செட்டிநாட்டு வாசலில் தொடங்கும் குழப்பம்

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் சரித்திரப் படப்பிடிப்பு புதிதல்ல. பெரிய வீடு ஒன்றை அரண்மனையாக்கி, முகப்பில் நீளமான கொடிகளைத் தொங்கவிடுவார்கள். கொடியில் ஒரு கற்பனை வம்சத்தின் சின்னம் இருக்கும்: கேடயத்துக்குள் சீறும் புலி, இரு பக்கமும் யாளி, மேலே கிரீடம், கீழே நாடா, நாடாவில் ஒரு வாசகம். படங்கள் இணையத்துக்கு வந்ததும் இரண்டு கேள்விகள் கிளம்பும். “இது எந்த ராஜாவின் சின்னம்?” என்பது ஒன்று. “கொடிக்குப் பின்னால் வாசலில் தெரியும் சிற்பம்தான் செட்டிநாட்டு அரச முத்திரையா?” என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்விக்கு ஆமாம் என்றே பதில் எழுதிப் பரப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

கொடியில் இருப்பதும் வாசலில் இருப்பதும் வேறு வேறு மரபு. இரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்டால், கற்பனையாக ஒரு பேரரசை எழுதுகிறவர்களுக்கும் வரைகிறவர்களுக்கும் நல்ல வழி ஒன்று கிடைக்கிறது. அதற்கான கருவிகள் தமிழிலேயே இருக்கின்றன. கேடயத்தைக் கடன் வாங்க வேண்டிய தேவையே இல்லை.

முதலில் சொற்கள்

நான்கு சொற்களை ஒன்றாகக் குழப்புவதில்தான் பாதிச் சிக்கல்.

1. பொறி, இலச்சினை: ஒரு குலத்தைக் குறிக்கும் உருவம். ‘பொறி’ பழைய சொல். சேரனின் வில்லைச் சங்கப் பாடல் ‘விற்பொறி’ என்கிறது. பொறித்தல் என்ற வினையும் இதோடு சேர்ந்தது.

2. கொடி: அந்த உருவத்தைத் துணியில் ஏற்றித் தூரத்திலிருந்து தெரியும்படி பிடிப்பது.

3. முத்திரை: அதே உருவத்தை உலோகத்தில் வெட்டி, ஓர் ஆவணம் உண்மையானது என்று சாட்சி சொல்ல வைப்பது.

4. விருது: குடை, சாமரம், பல்லக்கு போன்ற மரியாதைச் சின்னங்கள். அரசர் இவற்றைப் பிறருக்கும் வழங்கலாம். ஆகவே குடையும் சாமரமும் தெரிகிற இடமெல்லாம் அரசர் இடம் ஆகிவிடாது.

கொடி அழகாக இருந்தால் போதும், தூரத்தில் தெரிந்தால் போதும். முத்திரைக்கு அது போதாது. இன்னார் சொன்னார், இன்ன ஊரைக் கொடுத்தார், மாற்ற முடியாது என்று அது பேச வேண்டும். கற்பனை வம்சத்துக்குச் சின்னம் வரைகிறவர்கள் பெரும்பாலும் கொடியை மட்டுமே யோசிக்கிறார்கள். முத்திரையிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் கருத்து. காரணம் கீழே வருகிறது.

வாசலில் இருப்பது என்ன?

செட்டிநாட்டு வீட்டு நிலைவாசலுக்கு மேலே பார்த்தால், பெரும்பாலும் நடுவில் தாமரையில் அமர்ந்த திருமகளும், இரு பக்கமும் துதிக்கையைத் தூக்கி நீராட்டும் யானைகளும் இருக்கும். கஜலட்சுமி. தேக்கு நிலையில் செதுக்கியதாகவும் இருக்கும், முகப்பின் உச்சியில் சுண்ணாம்புச் சுதையில் செய்ததாகவும் இருக்கும். கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும் மரச் சிற்பத்தை அருகில் போய்ப் பாருங்கள். வருஷக்கணக்காக வைத்த மஞ்சளும் குங்குமமும் தாமரை இதழ்களுக்கு நடுவில் படிந்து, இதழின் கோடு எது, படிவு எது என்று பிரிக்க முடியாமல் இருக்கும். இது வணங்கும் உருவம். இந்த வீட்டுக்குள் செல்வம் நுழையட்டும், தங்கட்டும் என்று வேண்டிக்கொண்டு வைத்தது. இவர் ஆள்கிறார் என்று எந்தக் குலத்தையும் அது அறிவிப்பதில்லை.

சரி, ‘செட்டிநாட்டு ராஜா’ என்று ஒருவர் இருந்தாரே? இருந்தார். கானாடுகாத்தானைச் சேர்ந்த அண்ணாமலைச் செட்டியாருக்குப் பிரிட்டிஷ் அரசு 1929இல் அந்தப் பரம்பரைப் பட்டத்தை வழங்கியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியதும் அதே ஆண்டில்தான். ஆனால் பட்டத்தோடு ஆட்சி வரவில்லை. செட்டிநாட்டு ஊர்கள் இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிலும் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலுமாகப் பிரிந்து கிடந்தவை. படையோ நாணயமோ தனியாக வைத்துக்கொண்ட செட்டிநாட்டு அரசு என்று ஒன்று வரலாற்றில் இல்லை. ஆகவே வாசல் சிற்பத்தின் படத்தைப் போட்டு ‘செட்டிநாட்டு அரச வம்சத்தின் முத்திரை’ என்று எழுதுவது தவறு.

ஆனால் குலத்தை அடையாளம் காட்டும் ஏற்பாடு ஒன்று நகரத்தாரிடம், அதாவது செட்டிநாட்டு வணிகச் சமூகத்தாரிடம், உண்டு. படங்களில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. அதற்குப் பெயர் விலாசம். பெயருக்கு முன்னால் வரும் எழுத்துகளின் வரிசை அது. மேலே சொன்ன மு. அண்ணாமலையின் மகன் எம்.ஏ. முத்தையா, அவருடைய மகன் எம்.ஏ.எம். ராமசாமி. தலைமுறைக்கு ஒரு எழுத்து கூடுவதைப் பாருங்கள். அந்த எழுத்துகளே தொழில் நிறுவனத்தின் பெயராகவும் இருந்தன. ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் ஒரு கடையின் நம்பகம் அந்த விலாசத்தின் மேல் நின்றது. அண்ணன் தம்பி பிரிந்தால் விலாசமும் கிளை பிரியும். ஐரோப்பியப் பிரபுக்கள் சிங்கத்தையும் கழுகையும் வைத்துச் செய்த வேலையை இங்கே வணிகர்கள் வெறும் எழுத்துகளை வைத்துச் செய்திருக்கிறார்கள். இதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

கேடயம் எங்கிருந்து வந்தது?

கேடய வடிவச் சின்னம் 12ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் உருவானது. முகத்தை மூடும் தலைக்கவசம் போட்ட வீரர்களை ஒருவருக்கொருவர் அடையாளம் காட்ட, கேடயத்தில் வரைந்த உருவம் உதவியது. பிறகு அது தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் உரிமையாயிற்று. விதிகள் வந்தன. பொன், வெள்ளி என்ற இரண்டும் உலோகங்கள். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை முதலியவை நிறங்கள். நிறத்தின் மேல் நிறமோ உலோகத்தின் மேல் உலோகமோ வரக்கூடாது என்பது அடிப்படை விதி. தூரத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்ற போர்க்களத் தேவைதான் அதற்குப் பின்னால் இருக்கிறது.

அப்புறம் இது இந்தியாவுக்கு எப்படி வந்தது? 1877ஆம் ஆண்டு டெல்லி தர்பாரில் விக்டோரியா இந்தியாவின் பேரரசி என்று அறிவிக்கப்பட்டார். வைஸ்ராய் லிட்டன் இந்தியச் சமஸ்தான மன்னர்களுக்கு ஆளுக்கொரு பெரிய கொடியைப் பரிசளித்தார். அந்தக் கொடிகளில் இருந்த சின்னங்களை வரைந்தவர் வங்காளத்தில் பணியாற்றிய ராபர்ட் டெய்லர் என்ற அதிகாரி. மன்னர்களின் குலக்கதைகளைக் கேட்டு, அவற்றை ஐரோப்பியக் கேடயத்துக்குள் அடைத்தார். கேடயம், இரு பக்கமும் தாங்கி நிற்கும் விலங்குகள், மேலே கிரீடம், கீழே நாடா என்று நாம் இன்று ‘பழங்கால ராஜ முத்திரை’ என்று நினைக்கும் அமைப்பு இந்தியச் சமஸ்தானங்களில் பரவியது அந்தக் காலத்தில்தான்.

இதன் விளைவு என்ன? ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கற்பனைத் தமிழ்ப் பேரரசுக்குக் கேடயச் சின்னம் வைத்தால், அந்தப் பேரரசின் கழுத்தில் விக்டோரியா காலத்துப் பதக்கத்தை மாட்டியது போலாகும்.

சோழ முத்திரையை எப்படிப் படிப்பது?

முதலாம் ராசேந்திரன் காலத்துச் செப்பேடுகளைப் போல இதற்கு நல்ல பாடம் வேறில்லை. ஏடுகள் ஒவ்வொன்றிலும் ஒரு துளை. எல்லாத் துளைகளின் வழியாகவும் தடித்த செம்பு வளையம் ஒன்று போகிறது. வளையத்தின் இரண்டு முனைகளும் சேரும் இடத்தில் வட்ட முத்திரை பொருத்தப்படுகிறது. ஓர் ஏட்டை உருவவோ செருகவோ வேண்டுமென்றால் வளையத்தை அறுத்தாக வேண்டும், அறுத்தால் தெரிந்துவிடும். முத்திரை உட்காரும் இடமே அதன் பொருளைச் சொல்கிறது.

இனி முத்திரையின் முகம். நடுவில் அமர்ந்த புலி. அதன் முன்னால் நிமிர்ந்து நிற்கும் இரண்டு மீன்கள். இவற்றின் கீழே வில். மேலே குடை, பக்கங்களில் சாமரமும் விளக்கும். விளிம்பைச் சுற்றிக் கிரந்த எழுத்தில் ஒரு சமஸ்கிருதச் சுலோகம்; இது ராசேந்திர சோழ பரகேசரிவர்மனின் சாசனம், அரசர்களின் மகுட மணிகளின் மேல் அமர்வது என்பது அதன் கருத்து.

புலி சோழன், மீன் பாண்டியன், வில் சேரன் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். எது எங்கே இருக்கிறது என்பதில்தான் அரசியல். வென்ற குலம் தோற்ற குலத்தின் பொறியை அழிக்காமல் தன் முத்திரைக்குள் கொண்டுவந்து, குடையைத் தன் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டது. மீனை அழித்திருந்தால் வெற்றி தெரியாது. மூன்று பொறிகளும் ஒரே வட்டத்துக்குள் இருந்தால்தான் ‘மூவேந்தரின் நிலமும் என் குடைக்குள்’ என்று சொல்ல முடியும்.

ஐரோப்பாவும் இதே தர்க்கத்தில்தான் இயங்கியது. 1340இல் இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்ட் பிரான்ஸ் அரியணை தனக்கே என்று சொல்லிப் பிரெஞ்சு லில்லி மலர்களைத் தன் சின்னத்தில் சேர்த்தார். பிரான்ஸ் கைக்கு வரவில்லை. மலர்கள் மட்டும் 1801 வரை, அதாவது 460 ஆண்டுகளுக்கு மேல், இங்கிலாந்துச் சின்னத்தில் தங்கிவிட்டன. இலச்சினை என்பது உரிமைகோரல் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

தசாங்கம்: தமிழின் சொந்த வரைபடம்

இலச்சினை தனியாக நிற்பதில்லை. தமிழ் மரபில் ஒரு மன்னனை அடையாளம் காட்டப் பத்து உறுப்புகள் உண்டு: பெயர், நாடு, ஊர், ஆறு, மலை, ஊர்தி, படை, முரசு, தார், கொடி. தசாங்கம் என்பார்கள். கொடி பத்தாவதாகத்தான் வருகிறது. தார் என்ற மாலைக்கும் கொடிக்கு நிகரான இடம் உண்டு. சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. போர்க்களத்தில் யார் எவர் என்று காட்டிய பூக்கள் இவை. ஐரோப்பாவில் கேடயம் செய்த வேலையை இங்கே பூ செய்தது. இதைப் படித்த பிறகும் தமிழ் வீரனுக்கு வண்ணக் கேடயத்தைத் தேடிப் போக யாருக்கு மனம் வரும்?

திருவாசகத்தில் மாணிக்கவாசகர் இந்தப் பத்தையும் வைத்தே சிவபெருமானைப் பாடியிருக்கிறார். கிளியிடம் ஒவ்வொன்றாகக் கேட்பதாக அமைந்தது திருத்தசாங்கம். நாடு தென்பாண்டி, ஊர் உத்தரகோசமங்கை. இவை மண்ணில் இருப்பவை. ஆறு? ஆனந்தம். மலை? அருள். முரசு நாதம், தார் தாளியறுகு, கொடி ஏறு. வரைபடத்தில் பாதியும் மனத்தில் பாதியுமாக ஓர் அரசை அவர் கட்டி எழுப்பியிருக்கிறார். எங்குமே காண முடியாத ஆறும் மலையும், கண்ணால் பார்க்கக் கூடிய ஊரும் கொடியும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. கற்பனைப் பேரரசு எழுத நினைக்கும் எவருக்கும் இதைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன்.

ஒரு வம்சத்தைக் கட்டிப் பார்ப்போம்

செட்டிநாட்டு நிலத்தையே அடிப்படையாக வைத்து, வணிகர்கள் முடிசூடிய ஒரு கற்பனை வம்சம் என்று வைத்துக்கொள்வோம். பத்து உறுப்புகளில் பொறிக்கு முன்னால் தீர்மானிக்க வேண்டியவை:

- ஆறு: ஆண்டு முழுவதும் ஓடும் பெரிய ஆறு இந்த மண்ணில் இல்லை. இருப்பது ஊருணி. ஆகவே இந்த அரசு வெள்ளத்தைப் புகழாது, தேக்கிய நீரைப் புகழும்.
- மலை: செம்புறாங்கல் மேடு. கொடித் துணியின் நிறம் இங்கிருந்தே கிடைத்துவிடுகிறது.
- தார்: ஆவாரம்பூ. வறண்ட நிலத்திலும் பூக்கும், மஞ்சள் தூரத்தில் தெரியும்.
- படை: வளரி. சிவகங்கைச் சீமையின் ஆயுதம். பிறை போல வளைந்தது, வரைய எளிது.

இனி பொறி. என் தேர்வு புலியுமல்ல, சிங்கமுமல்ல, சாவி. செட்டிநாட்டுப் பழைய பெட்டகங்களின் இரும்புச் சாவியைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உள்ளங்கையைத் தாண்டி நீளும், கனக்கும், முனையில் பற்கள் படிப்படியாக வெட்டியிருக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் இன்றும் பார்க்கலாம். வணிகக் குலத்தின் அதிகாரம் பூட்டித் திறக்கும் கையில் இருக்கிறது. புலியை விடச் சாவி இந்தக் குலத்தைப் பற்றி அதிகம் சொல்லும்.

நான்கு தலைமுறையில் இந்தப் பொறி எப்படி மாறும்?

1. முதல் தலைமுறை. செம்மண் நிறத் துணியில் நிமிர்ந்த ஒற்றைச் சாவி, ஒரே ஒரு பல். குடை கிடையாது. இன்னும் அரசன் என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

2. இரண்டாம் தலைமுறை. கடற்கரைத் துறைமுகம் ஒன்றை வெல்கிறார்கள். அந்தத் துறையின் பொறி சங்கு என்றால், சாவிக்குக் கீழே சிறியதாகச் சங்கு வருகிறது. மேலே குடை வருகிறது. சோழ முத்திரையில் கண்ட அதே முறை.

3. மூன்றாம் தலைமுறை. போர் இல்லை, திருமணம். சமமான இன்னொரு குலத்தோடு உறவு. இங்கே மேல் கீழ் வைத்தால் பெண் வீட்டாருக்கு அவமானம். இரண்டு பொறியும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். 1230இல் காஸ்டில், லியோன் என்ற இரண்டு நாடுகளும் ஒரே அரசரிடம் வந்தபோது, கேடயத்தை நான்காகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு கட்டம் கொடுத்தார்கள். அதன் நோக்கத்தை எடுத்துக்கொள்ளலாம், கட்டங்களை விட்டுவிடலாம்.

4. நான்காம் தலைமுறை. அண்ணன் தம்பி பிரிகிறார்கள். இங்கேதான் விலாசம் கைகொடுக்கிறது. தலைமுறைக்கு ஒரு எழுத்து போல, சாவிக்குத் தலைமுறைக்கு ஒரு பல். மூத்தவர் கிளைக்குப் புதிய பல் வலப்பக்கம், இளையவர் கிளைக்கு இடப்பக்கம். இங்கிலாந்தில் இரண்டாம் மகனின் சின்னத்தில் சிறு பிறையைச் சேர்ப்பார்கள். சாவிப் பல் அதே வேலையை நம் ஊர் முறையில் செய்கிறது. கதையில் ஒருவன் இறந்துபோனவனின் ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு, முத்திரையில் பல்லை எண்ணியே அது போலி என்று கண்டுபிடிக்கலாம்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் முத்திரையிலிருந்து தொடங்கச் சொன்னேன். கொடியிலிருந்து தொடங்கினால் ஓவியம் கிடைக்கும். முத்திரையிலிருந்து தொடங்கினால் சம்பவம் கிடைக்கும்.

கவனிக்க வேண்டிய இடங்கள்

இருதலைப் பறவை. இதைப் பார்த்ததும் ‘ரஷ்யக் கழுகு’ என்பார்கள், அல்லது ரஷ்யாவே இங்கிருந்து எடுத்தது என்பார்கள். நம் பக்கத்து இருதலைப் பறவையான கண்டபேருண்டம் கர்நாடகத்தில் பழையது. பள்ளிகாவியில் 11ஆம் நூற்றாண்டுத் தூண் ஒன்றின் மேல் அது நிற்கிறது. விஜயநகரத்து அச்சுதராயரின் பொற்காசுகளில் அது யானைகளைத் தூக்கிக்கொண்டு பறக்கிறது. பிறகு மைசூர் உடையார்கள், இன்று கர்நாடக அரசு. ரஷ்யக் கழுகின் வழி வேறு: பைசாந்தியப் பேரரசர் குடும்பத்து சோபியாவை மாஸ்கோவை ஆண்ட மூன்றாம் இவான் 1472இல் மணந்தார், 1497ஆம் ஆண்டு முத்திரையில் இருதலைக் கழுகு தெரிகிறது. அலகிலும் நகத்திலும் யானை இருந்தால் நம் பக்கத்துப் பறவை என்று கொள்ளலாம்.

சிங்கம். முதுகோடு முதுகாக நிற்கும் சிங்கங்களைக் கற்பனை அரசுக்கு வைப்பது சட்டச் சிக்கல். சாரநாத் சிங்கத் தூண் 1950 ஜனவரி 26 முதல் இந்திய அரசின் சின்னம். அதையோ அதைப் போலத் தோற்றம் தரும் ஒன்றையோ வணிகத்துக்குப் பயன்படுத்துவதை 2005ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. தமிழ்நாட்டு அரசின் கோபுரச் சின்னத்துக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு.

சூரியன், சந்திரன். விஜயநகர முத்திரையில் பன்றிக்கு மேலே இவை இருக்கும். அலங்காரமாக எண்ணி விட்டுவிடாதீர்கள். கல்வெட்டுகளில் வரும் ‘சந்திராதித்தவல்’ என்ற சொல்லின் படம் அது. சந்திரனும் சூரியனும் உள்ளவரை இந்தக் கொடை நிற்கும் என்று பொருள். எதையும் தானமாக எழுதிக் கொடுக்காத வம்சத்துக்கு இவற்றை வைத்தால் பொருத்தமில்லை.

வரைந்த பிறகு

திரையில் வரைந்ததை அப்படியே இறுதி என்று முடிவு செய்யாமல் மூன்று பொருளில் செய்து பாருங்கள். நாணய அளவில் அரக்கில் அழுத்திப் பார்க்க வேண்டும். சாவியின் பற்களை எண்ண முடிகிறதா? துணியில் ஏற்றித் தெருவின் மறுமுனையிலிருந்து பார்க்க வேண்டும். காற்றில் மடியும்போதும் சாவி என்று தெரிகிறதா?

மூன்றாவது சுதை. செட்டிநாட்டில் இன்றும் சுண்ணாம்புச் சுதை வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓர் ஆசாரியிடம் வரைபடத்தைக் கொடுங்கள். மெல்லிய கோடுகளை அவர் முதலில் தடிமனாக்குவார். மீசை முடி, கொடி நுனி, வாள் முனை என்று தனியாக நீண்டு நிற்பது எதுவும் மழைக்குத் தாங்காது என்பது அவருக்குத் தெரியும். சங்கைச் சாவியோடு ஒட்டவைப்பார். இரண்டுக்கும் நடுவே தண்ணீர் தேங்காமல் ஒரு சரிவு கொடுப்பார். அவர் கையிலிருந்து வரும் சாவி நீங்கள் வரைந்ததைவிடக் குட்டையாக, கனமாக இருக்கும். அந்த வடிவத்தைத் திரும்பத் திரைக்குக் கொண்டுபோய், கொடிக்கும் முத்திரைக்கும் அதையே வையுங்கள்.